பாம்பின் கால் எங்கே போனது?

மலைப்பாம்பின் வால் தொடங்கும் இடத்தில், அடிப்பக்கம், இரண்டு ஓரங்களிலும் நகம் மாதிரி ஒரு சிறு முள் நீட்டிக்கொண்டிருக்கும். அது பின்னங்காலின் மிச்சம். பாம்புகளின் மூதாதைகளுக்குக் கால்கள் இருந்தன. காலப்போக்கில் இல்லாமல் போயின. அப்படியானால் காலை உண்டாக்கும் மரபணுக்களைப் பாம்பு தொலைத்துவிட்டது என்றுதானே நினைப்போம்? தொலைக்கவில்லை. கால் வளரத் தேவையான முக்கிய மரபணுக்கள் பாம்பிடம் இன்றும் இருக்கின்றன, வேலையும் செய்கின்றன.

பிறகு ஏன் கால் வளரவில்லை? இதற்கு விடை தெரிந்தால், விலங்குகளின் உடல் வடிவம் எப்படி மாறி வந்தது என்பதில் பெரும்பகுதி புரிந்துவிடும். ஆறு விரலோடு பிறக்கும் குழந்தை, முகப்பரு மாத்திரை, மரபணுப் பரிசோதனை அறிக்கை என்று உங்கள் வீட்டுக்குள் வரக்கூடிய சில விஷயங்களும் தெளிவாகும். உயிரியல் படிக்காதவர்களும் பயப்படாமல் தொடர்ந்து வாசிக்கலாம்.

முதலில், மரபணு என்றால் என்ன? உங்கள் உடலில் ஏறக்குறைய எல்லாச் செல்களுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீளமான இழை இருக்கிறது. நான்கு வேதிப்பொருள்கள் அதில் மாறி மாறி வரிசையாக நிற்கின்றன. அவற்றை எழுத்துகள் என்று சொல்வது வழக்கம். மனிதரின் டி.என்.ஏ. சுமார் 300 கோடி எழுத்து நீளம். அந்த வரிசையில், ஒரு புரதத்தை (உடலைக் கட்டவும் இயக்கவும் உதவும் பொருளை) எப்படிச் செய்வது என்ற குறிப்பு அடங்கிய துண்டுதான் மரபணு.

கண்ணில் உள்ள செல்லிலும் கல்லீரலில் உள்ள செல்லிலும் இருப்பது அதே டி.என்.ஏ.தானே, பிறகு ஏன் ஒன்று கண்ணாகவும் மற்றது கல்லீரலாகவும் இருக்கிறது? சரியான கேள்வி. எல்லா மரபணுக்களும் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. கண்ணில் ஒரு தொகுதி விழித்திருக்கும், கல்லீரலில் வேறொரு தொகுதி. எந்த மரபணு இருக்கிறது என்பதைவிட எது, எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதே உடலை உருவாக்குகிறது. இனி வரும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தின் விளைவுகள்.

சிக்கலான உடலுள்ள விலங்குக்கு மரபணுக்கள் அதிகமாக இருக்குமோ? அப்படித்தான் பலரும் நம்பினார்கள். எண்ணிப் பார்த்தபோது நம்பிக்கை உடைந்தது. மனிதருக்குச் சுமார் 20,000 மரபணுக்கள். மண்ணில் வாழும், ஒரு மில்லிமீட்டரே நீளமுள்ள ஓர் உருளைப்புழுவுக்கும் சுமார் 20,000. வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈக்குச் சுமார் 14,000. எண்ணிக்கையில் பெருமைப்பட நமக்கு ஒன்றுமில்லை.

சரி, எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் மரபணுக்களாவது வேறு வேறாக இருக்குமே? இதையும் பெரிய அறிஞர்களே நம்பினார்கள். மிக நெருங்கிய உறவுள்ள உயிரினங்களைத் தவிர மற்றவற்றில், ஒரே மூதாதையிடமிருந்து வந்த மரபணுக்களைத் தேடுவது வீண்வேலை என்று பரிணாம அறிஞர் எர்ன்ஸ்ட் மாயர் 1963இல் எழுதினார். அன்றைக்கு அது நியாயமான எண்ணம்தான். ஈயையும் மனிதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறென்ன தோன்றும்?

அந்த எண்ணத்தை மாற்றியது பழ ஈ. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் எட்வர்ட் லூயிஸ் பல பத்தாண்டுகள் ஒரே பூச்சியின் ஒரு சில மரபணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஈக்கு ஒரு ஜோடி இறக்கைதான். இரண்டாவது ஜோடி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சிறு குமிழ்கள் இருக்கும். சில மாற்றங்களைச் சேர்த்தபோது அந்தக் குமிழ்கள் முழு இறக்கைகளாக வளர்ந்து, நான்கு இறக்கை ஈ பிறந்தது. இன்னொரு வகை மாற்றத்தில், தலையில் உணர்கொம்பு முளைக்கவேண்டிய இடத்தில் கால் முளைத்தது. அதாவது சில மரபணுக்கள் உறுப்பைக் கட்டுவதில்லை. இந்த இடம் மார்பு, இந்த இடம் வயிறு என்று உடலின் இடங்களுக்கு அடையாளம் சொல்கின்றன. அவற்றுக்கு ஹாக்ஸ் மரபணுக்கள் என்று பெயர். கருவளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக லூயிஸுக்கும், கிறிஸ்டியானா நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாவ்ஸ் ஆகியோருக்கும் 1995இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஈயின் கதை ஈயோடு நிற்கவில்லை. 1983–84 வாக்கில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலும் அமெரிக்காவின் இந்தியானாவிலும் இந்த மரபணுக்களின் எழுத்துகளைப் படித்தவர்கள், எல்லாவற்றிலும் பொதுவாக 180 எழுத்துத் துண்டு ஒன்று இருப்பதைக் கண்டார்கள். தவளையிலும் எலியிலும் மனிதரிலும் தேடினால் அங்கேயும் அது இருந்தது. ஈயிடம் 8 ஹாக்ஸ் மரபணுக்கள். நம்மிடம் 39, நான்கு தொகுதிகளாக. தலையிலிருந்து வால்வரை உடலில் எந்த வரிசையில் வேலை செய்கின்றனவோ, ஏறக்குறைய அதே வரிசையில் அவை டி.என்.ஏ.விலும் அமர்ந்திருக்கின்றன. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பிரிந்துபோன இரண்டு கிளைகளில் இந்த வரிசை நிலைத்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

எலியின் மரபணுவை ஈக்குள் வைத்தால் எலியின் உறுப்பு முளைக்குமா? இதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1995இல் பாசலில் வால்டர் கெரிங்கின் குழு, கண் உருவாவதைத் தொடங்கி வைக்கும் ‘பாக்ஸ்-6’ என்ற எலி மரபணுவை ஈயின் காலிலும் இறக்கையிலும் வேலை செய்ய வைத்தது. அந்த இடங்களில் கண் முளைத்தது. ஆனால் அது எலியின் கண் அல்ல. பல நூறு சிறு வில்லைகள் கொண்ட ஈயின் கண். எலி மரபணு ‘இங்கே கண் வரட்டும்’ என்று மட்டும்தான் சொன்னது. எப்படிப்பட்ட கண் என்பதை ஈயின் மற்ற மரபணுக்கள் முடிவுசெய்தன. இதே மரபணுவின் ஒரு பிரதி பழுதானால், மனிதக் குழந்தை கருவிழிப் படலம் இல்லாமல் பிறக்கும்.

மரபணுக்கள் இவ்வளவு பழையவை, இவ்வளவு பொதுவானவை என்றால் உடல்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாருங்கள். ஒரு கிணற்றில் ஒரே மோட்டார். அந்தத் தண்ணீர் ஐந்து வயல்களுக்கு ஐந்து மடைகள் வழியாகப் போகிறது. ஒரு மடையை அடைத்தால் ஒரு வயல் மட்டும் காயும். மோட்டாரே பழுதானால் ஐந்தும் காயும். மரபணுவுக்கும் இப்படி மடைகள் உண்டு. மரபணுவுக்கு வெளியே, சில நேரம் வெகுதூரம் தள்ளி, டி.என்.ஏ.வில் சிறு சிறு துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அந்த மரபணு உடலின் எந்தப் பகுதியில், எப்போது வேலை செய்யவேண்டும் என்று தீர்மானிக்கிறது. ஆய்வாளர்கள் அதை என்ஹான்சர் என்பார்கள். நான் இனி மடை என்றே எழுதுகிறேன்.

உடல் வடிவத்தை மாற்றும்போது பரிணாமம் பெரும்பாலும் கை வைப்பது மடையில்தான். ஏன் என்று இப்போது ஊகித்திருப்பீர்கள். ஒரே மரபணு கருவில் மூளைக்கும் வேண்டும், முதுகுத்தண்டுக்கும் வேண்டும், காலுக்கும் வேண்டும். மரபணுவே கெட்டால் கரு பிழைப்பது கடினம். கால் மடை மட்டும் கெட்டால் கால் மட்டும் மாறும்; விலங்கு பிழைத்து, குட்டி போட்டு, அந்த மாற்றத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும்.

ஆதாரம் உண்டா? பூமியின் வட பாதியில் உள்ள பல நாடுகளில் ஸ்டிக்கிள்பேக் என்றொரு சிறிய மீன் இருக்கிறது. கடலில் வாழும் வகைக்கு வயிற்றுப் பக்கம் கூர்மையான முட்கள் உண்டு. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் முடிந்தபோது சில மீன்கள் ஏரிகளில் தங்கிவிட்டன. பல ஏரிகளில் அந்த முட்கள் மறைந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் கிங்ஸ்லி குழு காரணத்தைத் தேடியது. ‘பிட்எக்ஸ்-1’ என்ற மரபணு அந்த மீன்களில் எழுத்துப் பிசகாமல் இருந்தது. அதன் இடுப்பு மடை மட்டும் அறுந்து போயிருந்தது. கடல் மீனின் மடையோடு அந்த மரபணுவை ஏரி மீனுக்குள் வைத்தபோது இடுப்பெலும்பு திரும்ப வளர்ந்தது. 2010இல் வெளியான இந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது: ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல ஏரிகளில், தனித்தனியாக, அதே மடை அறுந்திருந்தது.

இப்போது பாம்புக்கு வருவோம். கை கால்களுக்கு வடிவம் தரும் மரபணுக்களில் முக்கியமானது ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’. ஒரு வீடியோ கேம் பாத்திரத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். நாம் சோனிக் என்று சுருக்கிக்கொள்ளலாம். அதன் கால் மடை, மரபணுவிலிருந்து சுமார் 10 லட்சம் எழுத்து தள்ளி, வேறொரு மரபணுவின் நடுவே இருக்கிறது. மீன், எலி, மனிதர் எல்லோரிடமும் அந்த மடை ஏறக்குறைய ஒன்றேதான். பாம்புகளில் அது சிதைந்திருக்கிறது.

2016இல் வெளியான ஆய்வில், எலியின் கால் மடையை எடுத்துவிட்டு அதே இடத்தில் நாகப்பாம்பின் மடையை வைத்தார்கள். எலி மற்றபடி நன்றாகப் பிறந்தது. நான்கு கால்களும் வெறும் முளைகளாக நின்றுவிட்டன. மலைப்பாம்பின் மடையை வைத்தாலும் அப்படியே. அந்த மடையில் 17 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டு, அவற்றை மட்டும் நிரப்பி மறுபடி வைத்தார்கள். எலிக்குக் கால் வளர்ந்தது. 300 கோடி எழுத்துகளோடு ஒப்பிடும்போது 17 எழுத்து எவ்வளவு அற்பம் என்று பாருங்கள்.

பாம்பு உருவான முழுக்கதை இந்த 17 எழுத்து என்று சொல்லவில்லை. நீண்ட முதுகெலும்பு, முன்னங்கால் மறைந்தது ஆகியவற்றுக்கு வேறு மாற்றங்களும் வேண்டும். மலைப்பாம்பின் கருவில் இன்றும் சோனிக், பின்னங்கால் வரவேண்டிய இடத்தில் சிறிது நேரம் விழித்து அணைந்துவிடுகிறது. வாலடியில் அந்த முள் மிஞ்சியிருப்பது அதனால்தான்.

அப்போது மரபணு மாறுவதே இல்லையா? மாறும். சில நேரம் மரபணுவின் எழுத்தே மாறும். சில நேரம் மரபணு இரட்டிக்கும். இரட்டித்த பிரதிகளில் ஒன்று பழைய வேலையைப் பார்க்க, மற்றது புதிய வேலைக்கு நகரலாம் என்று சுசுமு ஓனோ 1970இல் ஒரு நூலே எழுதினார். நம்மிடம் ஹாக்ஸ் தொகுதிகள் நான்கு இருப்பது அப்படித்தான்: முதுகெலும்புள்ள விலங்குகளின் மூதாதையில் முழு மரபணுத் தொகுதியும் இருமுறை இரட்டித்தது. மடை மாற்றம் எவ்வளவு, மரபணு மாற்றம் எவ்வளவு என்ற கணக்கில் ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. வடிவத்தைப் பொறுத்தவரை மடையின் பக்கம்தான் தட்டு தாழ்கிறது என்பது என் கணிப்பு.

நாய் வளர்ப்பவர்களுக்கு இரட்டிப்பின் விளைவு நேரடியாகத் தெரியும். டாக்ஸ்ஹண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களில் ‘எஃப்ஜிஎஃப்-4’ என்ற வளர்ச்சி மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்று தவறான இடத்தில் செருகப்பட்டிருக்கிறது. கால் குட்டையாக நிற்பது அதனால். அதே மரபணுவின் இன்னொரு கூடுதல் பிரதி முதுகெலும்புத் தட்டுகளைச் சீக்கிரம் கெட்டியாக்கிவிடுகிறது. ஆகவே டாக்ஸ்ஹண்ட் வாங்கினால் எடை ஏறவிடாதீர்கள், மாடிப்படி ஏறி இறங்கவும் சோபாவிலிருந்து குதிக்கவும் விடாதீர்கள். பின்னங்கால் தள்ளாடினால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தாமதித்தால் நிரந்தரமாக முடங்கலாம்.

தேவையில்லை என்பதால்தான் பாம்பு காலை விட்டுவிட்டதா? இந்தச் சந்தேகம் எல்லோருக்கும் வரும். டி.என்.ஏ.வுக்கு விலங்கின் தேவை தெரியாது. எழுத்துகள் தற்செயலாக மாறுகின்றன. பெரும்பாலான மாற்றங்கள் ஒன்றும் செய்யாது, சில கெடுக்கும், எப்போதாவது ஒன்று அந்தச் சூழலில் உதவும். உதவியது சந்ததிகளில் பெருகும். பயன் இல்லாத உறுப்பின் மடை பழுதானால் அதைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

இனி உங்கள் வீட்டுக் கதை. பால் குடித்தால் வயிறு உப்புகிறதா? பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற புரதத்தின் மரபணு எல்லோரிடமும் இருக்கிறது. பாலூட்டி விலங்குகளில் தாய்ப்பால் காலம் முடிந்ததும் அது அணையத் தொடங்கும். உலகின் பெரும்பாலான பெரியவர்களிடம் அப்படித்தான். சிலரிடம் அதன் மடையில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதால் ஆயுள் முழுக்க வேலை செய்கிறது. ஐரோப்பாவில் பரவலான அந்த எழுத்து மாற்றமே இந்தியாவிலும் இருக்கிறது; வடமேற்கில் அதிகம், தெற்கே குறைவு. ஆகவே பால் ஒத்துக்கொள்ளாதது நோயல்ல. தயிரிலும் மோரிலும் பால் சர்க்கரை குறைவு, அதனால் பலருக்கு அவை ஒத்துப்போகும். எடை குறைவு, மலத்தில் ரத்தம் போன்றவை இருந்தால் மட்டும் வேறு காரணத்தைத் தேடி மருத்துவரைப் பாருங்கள்.

மரபணுப் பரிசோதனையில் ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால் நிம்மதியடையலாமா? இது நான் வலியுறுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். மருத்துவமனைகளில் பரவலாகச் செய்யப்படும் எக்ஸோம் பரிசோதனை, புரதக் குறிப்பு உள்ள பகுதிகளை மட்டும் படிக்கிறது. அது மொத்த டி.என்.ஏ.வில் 1 முதல் 2 சதவீதம்தான். மடைகள் பெரும்பாலும் மீதி 98 சதவீதத்தில் இருக்கின்றன. ஆகவே அறிக்கையில் காரணம் கிடைக்கவில்லை என்றால் ‘மரபணுக் காரணம் இல்லவே இல்லை’ என்று பொருளல்ல. ‘பார்த்த இடத்தில் கிடைக்கவில்லை’ என்று பொருள். மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் பகுதியைப் படித்தீர்கள்? முழு மரபணுத் தொகுதிப் பரிசோதனை எங்களுக்குப் பயன்படுமா? ஓரிரு ஆண்டு கழித்து இதே தரவை மறுபடி அலசமுடியுமா? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். புதிய கண்டுபிடிப்புகள் வரும்போது, பழைய தரவிலிருந்தே விடை கிடைத்த குடும்பங்கள் உண்டு.

குழந்தைக்கு எந்த விளையாட்டு வரும், எவ்வளவு உயரம் வளரும் என்று எச்சிலை வைத்துச் சொல்கிறோம் என்ற விளம்பரங்களை நம்பலாமா? வேண்டாம். உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், 54 லட்சம் பேரின் தரவை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, 12,000க்கும் மேற்பட்ட எழுத்து மாற்றங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. ஒன்றிரண்டு மரபணுவைப் பார்த்து எதிர்காலம் சொல்பவருக்கு உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மடையைப் பற்றிய அறிவால் நோய் தீருமா? தீரத் தொடங்கியிருக்கிறது. சிக்கிள் செல் ரத்தசோகையில் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து குழாய்களை அடைக்கும் பரம்பரை நோயில்) கோளாறு மரபணுவின் ஒரே எழுத்தில். தாயின் வயிற்றில் இருக்கும்போது நமக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. பிறந்தபின் ‘பிசிஎல்-11ஏ’ என்ற மரபணு அதை நிறுத்திவிடுகிறது. அந்த மரபணுவையே அழித்தால் மற்ற செல்களும் பாதிக்கப்படும். எனவே அதன் சிவப்பணு மடையை மட்டும் வெட்டிவிடுகிறார்கள். சிசு ஹீமோகுளோபின் திரும்ப வருகிறது, வலி அடங்குகிறது. ஏரி மீனுக்கு இயற்கை செய்ததும் இதே வேலைதான். காஸ்ஜெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. அமெரிக்காவில் அப்போது அதன் விலை 22 லட்சம் டாலர். எளிய குடும்பத்துக்கு எட்டாத தொலைவில் இருப்பது வேதனையாகத்தான் இருக்கிறது.

நமக்கு எட்டுவது பரிசோதனை. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது நீலகிரியின் பழங்குடி மக்களிடம், 1952இல். ஒன்றிய அரசு 2023இல் இதை ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நோய் பரவலான சமூகத்தைச் சேர்ந்தவரானால் திருமணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரே பிரதியில் கோளாறு உள்ள இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இருவரிடமும் ஒரே கோளாறு இருக்கும் வாய்ப்பு கூடுதல்.

கர்ப்பிணிகளுக்கு இதில் என்ன இருக்கிறது? நிறைய. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஆட்டுக்குட்டிகள் நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு பிறந்தன. சினைப்பட்ட 14ஆம் நாள் வாக்கில் தாய் ஆடு ஒரு மலைச்செடியைத் தின்றதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அந்தச் செடியின் நஞ்சு எதைத் தடுக்கிறது என்பது 1990களின் இறுதியில்தான் தெரிந்தது: நாம் பார்த்த அதே சோனிக்கின் செய்தியை. குட்டியின் மரபணுவில் ஒரு பழுதும் இல்லை. சரியான நாளில் செய்தி போய்ச் சேரவில்லை. பிற்பாடு அதே வழியைத் தடுத்து ஒரு வகைத் தோல் புற்றுநோய்க்கு மருந்தும் செய்தார்கள்; கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது.

நம்மூரில் கவனிக்கவேண்டியது ஐசோட்ரெட்டினாயின். கடுமையான முகப்பருவுக்குத் தரும் மாத்திரை. இது வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. கருவில் ஹாக்ஸ் மரபணுக்களை எழுப்பும் இயற்கைச் செய்தியும் அதே குடும்பம்தான். கர்ப்பத்தில் இந்த மாத்திரை சேர்ந்தால் குழந்தையின் முகம், காது, இதயம், மூளை பாதிக்கப்படலாம். கருத்தரித்த மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் உறுப்புகளின் அடிப்படை வடிவம் முடிந்துவிடுகிறது. பலருக்குக் கர்ப்பம் உறுதியாவதற்குள்ளேயே அதில் பாதி கடந்திருக்கும். எனவே இந்த மாத்திரையை நிறுத்தி ஒரு மாதமாவது ஆன பிறகே கருத்தரிக்கத் திட்டமிடுங்கள். தோழி சொன்னாள் என்று கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

வைட்டமின் ஏ என்றால் கேரட்டும் முருங்கைக்கீரையும் ஆபத்தா? இல்லவே இல்லை. காய்கறியில் இருப்பதை உடல் தேவையான அளவு மட்டும் மாற்றிக்கொள்ளும், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஈரல் விஷயம் வேறு. ரத்தம் ஊறும் என்று கர்ப்பிணிகளுக்கு ஆட்டு ஈரல் கொடுப்பது நம் வழக்கம். அதில் நேரடி வைட்டமின் ஏ மிக அதிகம். பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை கர்ப்ப காலத்தில் ஈரலைத் தவிர்க்கச் சொல்கிறது. இரும்புச்சத்துக்கு மருத்துவர் தரும் மாத்திரை போதும். ஒரு எச்சரிக்கை: வலிப்பு, சர்க்கரை, தைராய்டு மருந்து எடுப்பவர்கள் பயந்து தாமாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்துவதும் கருவைப் பாதிக்கும். மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

குழந்தை ஆறு விரலோடு பிறந்தால்? பாம்பில் சிதைந்துபோன அதே சோனிக் மடையில், மனிதருக்கு ஓரிரு எழுத்து மாறினால், கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் முளைக்கலாம். அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவில் எழுத்தாளர் ஹெமிங்வேயின் வீட்டில் வாழும் ஆறு விரல் பூனைகளுக்கும் காரணம் அதே மடைதான். இந்த வகையில் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. சுண்டுவிரல் பக்கம் வருவதற்கு வேறு மரபணுக்கள் காரணமாகலாம். பெரும்பாலும் இதனால் உடல்நலத்துக்குக் குறையில்லை. ஆனாலும் குழந்தைகள் மருத்துவர் ஒருமுறை இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்துச் சொல்வது நல்லது. சில நேரம் கூடுதல் விரல் வேறொரு கோளாறின் அடையாளம். விரலை நூலாலோ தலைமுடியாலோ வீட்டில் இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே எலும்பும் நரம்பும் இருக்கலாம், சீழ் பிடிக்கலாம்.

உதட்டுப் பிளவோடு குழந்தை பிறந்தால் நம் ஊர்களில் முதலில் கேட்பது ‘கிரகணத்தில் வெளியே வந்தாயா?’ என்றுதான். கிரகணத்துக்கும் உதட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கருவின் முகத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வரும் திசுக்கள் ஆறு, ஏழாம் வாரங்களில் ஒட்டவேண்டும். ‘ஐஆர்எஃப்-6’ என்ற மரபணுவின் மடையில் உள்ள ஓர் எழுத்து மாற்றம், அவை ஒட்டாமல் போகும் வாய்ப்பைக் கூட்டுகிறது. பலரிடம் அந்த எழுத்து இருக்கிறது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. வேறு மரபணுக்களும், புகைபிடித்தல் போன்ற சூழலும் சேரும்போது சிலருக்குப் பிளவு வருகிறது. அந்த எழுத்து தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம்.

எனவே பெற்றவளைக் குற்றம் சொல்லாதீர்கள். சொல்பவர் மாமியாரானாலும் பக்கத்து வீட்டுக்காரரானாலும் நீங்கள் தடுத்துப் பேசுங்கள். பால் குடிக்கச் சிரமப்படும் குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து ஊட்டச் செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். உதட்டைப் பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்குள்ளும், மேலண்ணத்தை 9 முதல் 18 மாதத்துக்குள்ளும் அறுவைச் சிகிச்சையால் சேர்த்துவிடலாம். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் இதற்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். பிறந்த சில நாள்களிலேயே மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தையின் பெயரைப் பதிவுசெய்துவிடுங்கள்.